பழைய கணினிக்கு ஏற்ற லினக்ஸ் எது?



ஒரு சனிக்கிழமை நண்பகல். நம் பள்ளி வாயிலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவர், பின்னிருக்கையில் தம் மகளை அமர்த்தி, முன்புறத்தே பழைய கைலியால் சுற்றிய பெட்டியொன்றை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். கைலியை அவிழ்த்தபோது உள்ளே கணினிப் பெட்டி இருந்தது. "சார், டவுன் கடையில் காட்டினேன். இது செத்துப்போச்சு, புதுசுதான் வாங்கணும் என்கிறார்கள். நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கடைக்காரர் கூறிய விலையோ, இந்நாட்டில் 2025-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியைக் காட்டிலும் மிகுதி. மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அவளுக்குப் பின் இரு தம்பியர் உளர்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்த வீடுகளை நாம் அறிவோம். அதன் பின்னரே தோட்டத்து வீடுகள் பலவற்றில் பழைய கணினிகள் வந்து சேர்ந்தன. உறவினர் கொடுத்தவை சில. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாகக் கிடைத்தவை பல. அவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தில் ஓடியவை. அந்த இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டுவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக நின்றன; தனியே பதிந்துகொண்டோர்க்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டித்துத் தரப்பட்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, பெரும்பாலும் 2018-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த செயலிகளையும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும் கேட்கின்றது. ஆகவேதான் கடைக்காரர் அவ்வாறு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார்.

பால் வெட்டும் கத்தி தேய்வதுபோல் கணினியின் சில்லுகள் தேய்வதில்லை. விசிறியில் தூசி அடையும்; வட்டு பழுதாகும்; மடிக்கணினியின் மின்கலம் வலுவிழக்கும். இவை மாற்றத் தக்கவை. பத்தாண்டுகட்கு முன் கூட்டல் கணக்கு எவ்வளவு விரைவாகச் செய்ததோ அவ்வளவு விரைவாகவே அச்செயலி இன்றும் செய்யும். மூப்படைவது பெட்டியன்று, அதன்மேல் ஏற்றப்படும் பாரம் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போகின்றது, அவ்வளவே. பாரத்தைக் குறைத்து ஏற்றினால் பழைய மாடும் வண்டி இழுக்கும். அத்தகைய இலகுவான பாரமே லினக்ஸ் எனப்படும் இயங்குதளத்தின் சில வகைகள்.

லினக்ஸின் கதை மாணவர்க்குச் சுவையானது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், 1991-ஆம் ஆண்டில் தம் சொந்தக் கணினிக்கென ஓர் இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதி, அதனை யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார். 1992-இல் அதனை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ என்னும் திட்டத்தினர் பிற கருவிகள் பலவற்றை ஆக்கி வைத்திருந்தனர். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. இன்று உங்கள் தந்தையார் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் இடம்பெற்ற யாவும் லினக்ஸில் ஓடுபவை. ஆதலால், 'ஏழைகளுக்கான இலவசப் பொருள்' என்று இதனை எவரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

இங்கேதான் குழப்பம் பிறக்கின்றது. லினக்ஸ் என்று ஒன்றைத் தேடப் புகுந்தால், உபுண்டு, டெபியன், மின்ட், பப்பி எனப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். இவற்றை 'வழங்கல்கள்' என்பர். தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லாரியையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் பேருந்தையும் எண்ணிப் பாருங்கள். இரண்டிற்கும் ஒரே வகை எஞ்சினைப் பொருத்த இயலும். மேற்கட்டும் இருக்கையும் வேறு வேறு. லினக்ஸ் என்பது அந்த எஞ்சின். அதன்மேல் திரையின் தோற்றம், எழுதும் கருவி, படம் காட்டும் கருவி, இணைய உலாவி, புதிய மென்பொருளைக் கொணரும் முறை ஆகியவற்றைப் பொருத்தி, ஓட்டும் நிலையில் நம் கையில் தருவதே வழங்கல். டெபியன் என்பது 1993-இல் அயன் மர்டாக் தொடங்கியது; தன்னார்வலரால் நடத்தப்படுவது. உபுண்டு, டெபியனை அடிப்படையாகக்கொண்டு 2004-இல் வந்தது. மின்ட், உபுண்டுவை அடிப்படையாகக்கொண்டு 2006-இல் வந்தது. தாத்தா, தந்தை, மகன் என்று வைத்துக்கொள்ளலாம். மூவரும் இன்றும் உழைக்கின்றனர்.

பழைய கணினியைப் பொறுத்தமட்டில் வழங்கலின் பெயரினும் முதன்மையானது மேற்கட்டு. திரையில் நாம் காணும் சாளரங்கள், பட்டியல்கள், படக்குறிகள் ஆகியவற்றை நடத்தும் பகுதியை மேசைச்சூழல் என்கிறோம். க்னோம் என்னும் சூழல் அழகியது, ஆயினும் கனமானது. எக்ஸ்எப்சிஇ நடுத்தரம். எல்எக்ஸ்க்யூடி அதனினும் மெலிது. ஐஸ்டபிள்யூஎம் போன்றவை வெறும் சாளரச் சட்டகங்களே. மிக மிக மெலியவை. ஒரே வழங்கலை இச்சூழல்களுள் எதனோடும் பெறலாம். உபுண்டு கனமாக இருக்கின்றது என்று சொல்லி லினக்ஸையே கைவிட்டவர்கள் உண்டு. கனத்தது உபுண்டுவின் முதன்மைப் பதிப்பில் இருந்த க்னோம். எல்எக்ஸ்க்யூடியோடு வரும் லுபுண்டுவை அவர்கள் பார்த்ததில்லை.

'எல்லாவற்றினும் சிறந்த லினக்ஸ் எது?' என்று கேட்போர்க்கு ஒரே சொல்லில் விடை சொல்ல என்னால் இயலாது. கேள்வியைக் கணினியிடம் கேட்க வேண்டும். உன் செயலி 32-பிட்டா, 64-பிட்டா? உன் நினைவகம் எவ்வளவு? உன்னிடம் எதிர்பார்க்கப்படும் வேலை என்ன? இம்மூன்றோடு, வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றும் உண்டு: கெட்டுப்போனால் யார் பார்ப்பார்?

முதல் கேள்வியில் ஒரு பொறி உள்ளது. அம்மாணவியின் கணினியில் இருந்தது 32-பிட் விண்டோஸ். கடைக்காரரும் '32-பிட் பெட்டி' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். ஆனால் விண்டோஸின் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து பார்த்தால் ஒரே வரியில் இரண்டு செய்திகள் இருக்கும்: இயங்குதளம் எத்தனை பிட், செயலி எத்தனை பிட். செயலி இன்டெல் கோர் 2 டூவோ. 2006-இல் வெளிவந்த வகை. 64-பிட் வேலை செய்ய வல்லது. முன்னர் எவரோ 32-பிட் விண்டோஸை அதில் இட்டுவிட்டுப் போயிருக்கின்றனர், அவ்வளவே. குதிரைக்குக் கழுதைச் சேணம் கட்டியதுபோல! இந்த ஒரு வரியைப் படியாமல் விட்டிருந்தால், அதற்கு நல்ல வழங்கல்களின் கதவு முழுவதும் மூடியிருக்கும். ஏனெனில் 32-பிட் கணினிகளுக்கான பாதை குறுகிக்கொண்டே வருகின்றது. உபுண்டு தன் முதன்மைப் பதிப்பை 32-பிட் கணினிகளில் நிறுவுவதற்கான வட்டுப்படியை 2017-இல் நிறுத்தியது. நெடுங்காலம் தாங்கி நின்ற டெபியனும், 2025 ஆகஸ்டில் வந்த தன் 13-ஆம் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்கவில்லை.

அடுத்தது நினைவகம். ரேம் என்று கடையில் சொல்வார்கள். பாடம் எழுதும் மேசை போன்றது ரேம். புத்தக அலமாரி போன்றது வட்டு. அலமாரி எவ்வளவு பெரிதாயினும், மேசை சிறிதானால் ஒரு நூலை மூடி வைத்துத்தான் மற்றொன்றைத் திறக்க முடியும். அந்த ஏற்றி இறக்கும் நேரத்தையே நாம் 'கணினி திணறுகிறது' என்கிறோம்.

நான் இதனைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின: மேசையை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இயங்குதளமன்று, இணைய உலாவியே. மெலிந்த லினக்ஸை இட்டால், கணினி தொடங்கியதும் 2 ஜிகாபைட்டில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்து, உலாவியைத் திறந்து, பாடக் காணொலி ஒன்று, கல்வியமைச்சின் டெலிமா தளம் ஒன்று, படங்கள் நிறைந்த செய்தித் தாள் ஒன்று என மூன்று பக்கங்களைத் திறந்த மாத்திரத்தில் அந்தக் காலியிடம் மறைந்துவிடும். இணையப் பக்கங்கள் விண்டோஸில் எவ்வளவு கனமோ, லினக்ஸிலும் அவ்வளவு கனமே. எந்த வழங்கலாலும் இதனை மாற்ற இயலாது. 'பழைய கணினியைப் புதிதாக்கும் லினக்ஸ்' என்று எழுதுவோர் இதனைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடன்று.

இனி, நான் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

4 ஜிகாபைட் நினைவகமும் 64-பிட் செயலியும் இருப்பின் அதிகம் யோசிப்பதில்லை. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பை இடுகின்றேன். குறைந்தது 2 ஜிகாபைட் வேண்டும், வசதியாகப் பயன்படுத்த 4 வேண்டும் என்று அதனை ஆக்கியோரே அறிவித்துள்ளனர். கீழே பட்டை, இடப்புற மூலையில் பட்டியல், வலப்புற மூலையில் கடிகாரம் என விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. 2024-இல் வந்த மின்ட் 22, 2029 வரை திருத்தங்கள் பெறும்.

மாணவியின் கணினியில் இருந்தது 2 ஜிகாபைட் மட்டுமே. அங்கே இரண்டு வழிகள் என் முன் நின்றன. ஒன்று லுபுண்டு 24.04; மற்றொன்று டெபியன் 13-இன் எல்எக்ஸ்க்யூடி பதிப்பு. தோற்றத்திலும் கனத்திலும் இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை. நிறுவுவதற்கு லுபுண்டு சற்று எளிது. ஆனால் லுபுண்டுவின் அப்பதிப்பிற்கு ஆதரவு மூன்றாண்டுகள். 2027 ஏப்ரலோடு முடியும். டெபியன் 13-க்கோ, நீண்டகால ஆதரவையும் சேர்த்து 2030 வரை திருத்தங்கள் உண்டு. மேம்படுத்திக்கொள்ளலாமே என்பீர்கள். நகரத்தில், கணினி தெரிந்த அண்ணன் இருக்கும் வீட்டில் அது எளிது. காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்குப் போய், பொழுது சாயத் திரும்பும் பெற்றோர் இருக்கும் வீட்டில் யார் செய்வது? ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை 2030-இல் இடைநிலைப் பள்ளியில் இருப்பாள். அதுவரை எவரும் தொடாமலே பாதுகாப்பாக ஓடட்டும் என்று டெபியனையே தேர்ந்தேன். முன்னாளில் டெபியனை நிறுவினால் கம்பியில்லா இணைய அட்டைக்கு வேண்டிய நுண்பொருளைத் தனியே தேடி அலைய வேண்டியிருந்தது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அவையும் நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன. அந்த மாற்றம் இல்லையேல் இம்முடிவை நான் எடுத்திருக்கமாட்டேன்.

பிறகு பள்ளிப் பண்டக அறையில் மின்வழங்கி எரிந்து கிடந்த ஒரு கணினியைத் திறந்தபோது, அதே வகை 2 ஜிகாபைட் ரேம் பலகை ஒன்று கிடைத்தது. தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அதனையும் இதில் செருகினோம். மேசை இரு மடங்காயிற்று! "இப்பொழுது 4 ஆகிவிட்டதே, மின்ட்டுக்கு மாற்றலாமா?" என்று உடனாசிரியர் ஒருவர் கேட்டார். ஓடுவதைக் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன். நூறு வழங்கல்களை ஆராய்வதினும் ஒரு ரேம் பலகை தரும் பயன் பெரிது. சுழலும் பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சுழலா வட்டு இட்டாலும் அவ்வாறே. கையில் சிறிது பணம் இருப்பின் இவ்விரண்டிற்கே முதலில் செலவிடுங்கள். வாங்குமுன் பழைய ரேம் பலகையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது நலம், டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 என வகைகள் உண்டு, ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று அமராது.

ஒரு ஜிகாபைட்டும் அதற்குக் குறைவாகவும் உள்ள கணினிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பள்ளிப் பண்டக அறையில் பென்டியம் 4 செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் கொண்ட பெட்டி ஒன்று உண்டு, உண்மையான 32-பிட். இத்தகையவற்றிற்கும் லினக்ஸ் உண்டு. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி, முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொண்டு அங்கிருந்தே ஓடும். டைனி கோர் என்பது சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆயினும் எழுதும் கருவிகூட உடன் வாராது, ஒவ்வொன்றாக நாமே சேர்க்க வேண்டும். ஆர்வமுள்ளோர்க்கு நல்ல பயிற்சி, பிள்ளைகளுக்கு ஆகாது. நான் எடுத்தது டெபியன் வழிவந்த ஆன்டிஎக்ஸ். அதன் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு 32-பிட்டுக்கும் கிடைத்தது. அப்பெட்டி இன்று நூலக மூலையில் இணையத் தொடர்பு இன்றி இருக்கின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதில் டக்ஸ் பெயின்ட் என்னும் கருவியால் படம் வரைகின்றனர். பெரியவர்கள் தட்டச்சுப் பழகுகின்றனர். அதில் டெலிமா பார்க்க முயன்றால் பிள்ளைக்கு அழுகைதான் வரும். 32-பிட் லினக்ஸுக்கான கூகுள் குரோம் உலாவி 2016-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இத்தகைய பெட்டியை எவரேனும் பணத்திற்கு விற்க வந்தால் வாங்கவேண்டா என்பதே என் கருத்து.

எதனைத் தேர்ந்தாலும் நிறுவுமுன் வெள்ளோட்டம் விடலாம். வழங்கலின் வட்டுப்படியை இறக்கி, ரூபஸ் போன்ற கருவியால் ஒரு பென் டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாகக் கோப்பைப் படியெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. பலர் முதலில் தவறும் இடம் இது. பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும் என்பதையும் மறவாதீர். பிறகு அதனைச் செருகிக் கணினியை முடுக்கியவுடன் எப்12, எப்9, எஸ்கேப் போன்ற விசைகளுள் அந்தக் கணினிக்கு உரியதைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைச் சுட்டினால், வட்டைத் தொடாமலே லினக்ஸ் திரையில் விரியும். அந்நிலையில் கம்பியில்லா இணையம் கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, திரை முழு அளவில் உள்ளதா, வீட்டில் அச்சுப்பொறி இருந்தால் அது அடையாளம் காணப்படுகின்றதா என ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு வழங்கலில் கம்பியில்லா இணையம் கிடைக்காமல் மற்றொன்றில் கிடைப்பதும் உண்டு. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும். அதைக்கொண்டு வேகத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

அம்மாணவியின் கணினியில் நிறுவி முடித்தபின் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. உலாவி திறக்கின்றது; எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்கவில்லை. 'இத்தளத்தை நம்ப இயலாது' என்று எச்சரிக்கை வருகின்றது. நான் இணையத் தொடர்பைச் சோதித்தேன். வழிச்செலுத்தியை அணைத்து மீண்டும் முடுக்கினேன். அரை மணி நேரம் சென்றது. பக்கத்தில் நின்ற மாணவி, "சார், இது இன்னும் 2009-இல் இருக்கிறதே!" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன், ஆம், 2009. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்திற்கும் இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் எனச் சான்றிதழ் உண்டு. கணினியின் நாட்காட்டி பின்னே போய்விட்டால் அந்தச் சான்றிதழ்கள் யாவும் 'இன்னும் பிறக்காதவை' ஆகிவிடும். பெட்டியின் உள்ளே தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காத்துவருவது அதுவே. அது தீர்ந்துபோயிருந்தது. தோட்டத்துச் சில்லறைக் கடையில், சுவர்க்கடிகார மின்கலங்களோடு அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றியபின் எல்லாத் தளங்களும் திறந்தன. கண்டுபிடித்த பெருமை முழுவதும் அம்மாணவிக்கே உரியது.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஒருங்குறி முறையில் தமிழ் அமைந்துவிட்டபடியால், லினக்ஸில் தமிழைப் படிப்பதற்கு இன்று தடையில்லை. லோகித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. திரையில் தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் அவற்றுள் ஒன்றைச் சேர்த்தாற் போதும். எழுதுவதற்கு ஐபஸ் அல்லது எப்சிஐடிஎக்ஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்னும் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். அதில் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே வந்த தமிழ் 99 விசைமுறையும், ஒலிப்பு முறையும், பழைய தட்டச்சு முறையும் உள்ளன. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளின் 'அஞ்சல்' முறையில் பழகியோர்க்கு ஒலிப்பு முறை பெரிதும் கைகொடுக்கும். சில விசைகள் மட்டும் மாறியிருக்கும். தொடக்கநிலைப் பிள்ளைகளைத் தமிழ் 99-இலேயே பழக்குவதை நான் விரும்புகின்றேன். உயிர் ஒரு கையில், மெய் ஒரு கையில் என அதன் அமைப்பே தமிழின் இலக்கணத்தை விரல்களுக்குச் சொல்லித் தருகின்றது.

லினக்ஸில் கிடைக்காதவையும் உண்டு. விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகள் பல ஓடா. மைக்ரோசாப்ட் ஆபீஸ் நேரடியாக வாராது; அதற்கு மாற்றாக லிபர்ஆபீஸ் உள்ளது; கட்டுரை எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் அது போதும். ஆசிரியர் அனுப்பும் கோப்பின் வரிகள் சில நேரம் இடம் பெயர்ந்து தோன்றும். தம்பியர் இருவருக்கும் ஜிகாம்ப்ரிஸ் என்னும் கல்வி விளையாட்டுத் தொகுப்பை இட்டுக் கொடுத்தேன். 2 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்டது. அடுத்த வாரம் வந்த தந்தையார், "சின்னவனை எழுப்பவே முடியவில்லை சார், அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான்" என்று முறையிட்டார். அக்குறைக்கு என்னிடம் மருந்தில்லை.

பலரும் கேட்கின்றனர்: கணினியைக் கொண்டுவந்து வைத்தவுடன் நீங்கள் ஏன் வேலையைத் தொடங்குவதில்லை, ஏன் முதலில் "இதில் என்ன இருக்கிறது?" என்று துருவித் துருவிக் கேட்கிறீர்கள் என்று. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகட்கு முன், ஒரு தாயார் தம் மகனுக்காக ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். விண்டோஸ் தொடங்கவே இல்லை. அன்று மழை; அவர் பேருந்துக்கு விரைய வேண்டும்; எனக்கும் வேறு வேலை. நிறுவி கேட்கும் கேள்விகளுள் ஒன்று, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்பது. ஆம் என்று அழுத்தினேன். இருபது நிமிடத்தில் புதிய லினக்ஸ் பளிச்சென்று வந்தது. அவர் திரையைப் பார்த்தார். பின் மெதுவாக, "சார், இவன் அப்பா போட்டோ எல்லாம் இதில்தான் இருந்தது. எங்கே போய்ப் பார்க்கணும்?" என்றார். கணவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. விண்டோஸ் தொடங்காவிட்டாலும் வட்டில் இருந்த படங்கள் நலமாகவே இருந்திருக்கும். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, அப்படியே அவற்றை வெளியே எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அன்றிரவு மீட்புக் கருவிகளை இட்டுப் பார்த்தேன். சிதைந்த துண்டுகள் சிலவே கிடைத்தன. புதிய இயங்குதளம் பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டுவிட்டது. அவ்வம்மையார், "போகட்டும் சார், பிள்ளை படிக்கட்டும்" என்றார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

ஆதலால் சனிக்கிழமைகளில் கணினியைக் கொண்டுவருவோர், அதன் மின்கம்பியோடு, வெறுமையான ஒரு பென் டிரைவையும் கொண்டுவருக. வீட்டில் யார் யாருடைய படங்கள், கடிதங்கள், சான்றிதழ்ப் படிகள் அதில் உள்ளன என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வருக. அவற்றை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து உங்கள் கண்முன்னே காட்டிய பின்னரே நிறுவத் தொடங்குவேன். காலை பத்து மணி முதல் கணினி அறையில் இருப்பேன்.